நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

27 நவம்பர் 1984, செவ்வாய்

காலையில் பால் கறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓட்டம். விரல்கள் முதல் வகுப்பு முடியும்வரை மரத்தே கிடந்தன. வரலாற்றுத் தேர்வு சுமார்.

மாலைப் பயிற்சியில் லூவான் நாற்பது பந்து எறிந்து முப்பத்தாறைக் கூடையில் போட்டாள். நாங்கள் மூன்று பேர் மைதானத்தின் இந்தப் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "கார்டுங்களுக்கு அங்க என்ன வேடிக்கை? முட்டிய மடக்கி நில்லுங்க" என்றார் பயிற்சியாளர் ஹால்வர்சன் சார்.

ஏழாம் வகுப்பிலிருந்து இதே பாட்டுத்தான். அயோவாவில் பெண்ணாய்ப் பிறந்தால் ஆறு பேர் ஆட்டம். மூன்று ஃபார்வர்டு அந்தப் பாதியில், கூடை போட. மூன்று கார்டு இந்தப் பாதியில், தடுக்க. யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் விசில். முழு மைதானமும் ஓடினால் பெண்களின் உடம்பு தாங்காது என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்தார்களாம். நான் தினமும் இருபது பசுவுக்குத் தீவனம் சுமக்கிறேன். அதைத் தாங்குகிற உடம்பு.

ஆறடி ஓர் அங்குலம் வளர்ந்த குற்றத்துக்காக என்னைக் கார்டு ஆக்கினார்கள். என் தலைக்கு மேலும் ஒரு வளையம் தொங்குகிறது. ஆனால் அது எதிரணியின் கூடை. அதில் போட்டால் புள்ளி அவர்களுக்கு.

2 டிசம்பர், ஞாயிறு

தேவாலயம் போய்வந்ததும் வைக்கோல் பரணில் ஏறினேன். அண்ணன் டேல் பள்ளியில் படித்தபோது அங்கே ஒரு வளையம் மாட்டியிருந்தான். வாலிபால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி எகிறினேன்.

உள்ளே போயிற்று.

எறியவில்லை. கையோடு கொண்டுபோய், மேலிருந்து வளையத்துக்குள் திணித்தேன். டங்க். நான், ரோண்டா ட்வைட், டங்க் அடித்தேன். கீழே பசுக்கள் இருந்தன, அவ்வளவுதான் கூட்டம்.

கூடைப்பந்து இதைவிடப் பெரிது, கனம். ஒற்றைக் கையில் நிற்காது, நழுவும். தெரியும். ஆனாலும் பத்தடிக்கு மேலே என் கை போய்வந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இல்லாமல் போய்விடுமோ என்றிருந்தது.

5 டிசம்பர், புதன்

பள்ளி ஜிம்மில் அதே வாலிபால் பந்து. பன்னிரண்டு தடவை எகிறினேன். வளையத்தில் விரல் நுனி மட்டும் பட்டது. பந்து ஒவ்வொரு தடவையும் வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பி வந்தது. ஒன்று என் மூக்கிலேயே.

வீட்டில் டேலிடம் சொன்னேன். ஜிம் வளையத்தை உயரமாக மாட்டிவிட்டார்கள் என்று என் கட்சி. அவன் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றான். அம்மாவும் சிரித்தாள்.

9 டிசம்பர், ஞாயிறு

ஒன்பதடி ஏழங்குலம்.

பரணில் நாடா பிடித்து அளந்தது டேல்தான். மூன்று தடவை அளந்தான். அவன் வளையம் மாட்டியபோது சரியாகப் பத்தடி. அப்புறம் அப்பா பழைய தரைக்கு மேலேயே சட்டமும் பலகையும் அடித்துவிட்டார். ஐந்தங்குலத்தைத் தரை தின்றுவிட்டது.

"பாத்தியா, கூடம் நெஜமாவே கோணல். ஆனா உனக்குச் சாதகமா கோணல்" என்றான். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் நிறுத்திக்கொண்டான். பிறகு சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினான். தரையில் நின்று கையைத் தூக்கினால் நான் ஏழடி பத்தங்குலம். வளையத்தைத் தொட இருபத்தாறு அங்குலம் எகிற வேண்டும். பந்தோடு கை மேலே போய்த் திணிக்க இன்னும் ஆறு. ஆகமொத்தம் முப்பத்திரண்டு. இப்போது இருபத்தேழு எகிறுகிறேன்.

ஐந்தங்குலம். ஒரு சாண்கூட இல்லை. அதற்காக ஒரு மனுஷி அழுவாளா? அழுதேன்.

24 டிசம்பர், திங்கள்

வீடு முழுக்க லெஃப்ஸ ரொட்டி சுடும் வாசனை. டேல் செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கட்டைவிரல் நீளச் செய்தி. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கல்லூரிப் பெண் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் டங்க் அடித்திருக்கிறாள். கல்லூரி ஆட்டத்தில் ஒரு பெண் அடிப்பது இதுதான் முதல் தடவையாம்.

ஐந்து தடவையாவது படித்திருப்பேன்.

"ஆறடி ஏழங்குலமாம், அவ. நீ அவ தோளுக்கு வருவ. அப்புறம் இந்த வருஷம் காலேஜ் பொண்ணுங்களுக்குப் பந்தையும் சின்னதாக்கிட்டாங்க. கைல நிக்குது" என்றான் டேல்.

"உன் காலத்துல என்ன கேடு? பந்து பெருசு, நீயும் பெருசு. ஏன் அடிக்கல?"

கேட்டிருக்கக் கூடாது. காப்பியைக் கீழே வைத்துவிட்டான். அவன் கல்லூரியில் ஆடிய நாலு வருஷமும் டங்க் தடை. 1967-இல் தடுத்தார்கள். பலகை உடைகிறது, ஆட்களுக்கு அடிபடுகிறது என்று காரணம் சொன்னார்கள். ஒரே ஒரு நெட்டைப் பையனை நிறுத்தத்தான் அத்தனையும் என்று ஊரெல்லாம் பேச்சாம். 1976-இல் தடையை எடுத்தார்கள். டேல் படிப்பை முடித்தது 1975.

"கடைசி மேட்ச்ல அடிச்சேன். தெரிஞ்சேதான். கூடை செல்லாதுன்னுட்டான். தப்பாட்டம்னு அவங்களுக்கு ஃப்ரீ த்ரோ வேற. எங்க கோச் அதுக்கப்புறம் கைகூடக் குடுக்கல."

"வருத்தமா?"

"அடிச்சதுக்கா? சீ. ரெண்டு வருஷம் பிந்திப் பொறக்காததுக்கு."

அவனுக்கு இப்போது முப்பத்தொன்று. முட்டி போய்விட்டது. பால் வண்டி ஓட்டுகிறான். இத்தனை நாள் இந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

11 ஜனவரி 1985, வெள்ளி

ஜெயித்தோம். லூவான் அறுபத்தொரு புள்ளி. ஊரே அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. நான் ஒன்பது பந்தைப் பறித்தேன். ஒவ்வொன்றையும் கோடுவரை கொண்டுபோய் அவளுக்கு எறிந்தேன்.

லூவான் கெட்டவள் இல்லை. மழலைப் பள்ளியிலிருந்து என் சிநேகிதி. ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து, "எல்லாம் உன் பந்துதான்டி" என்று கட்டிக்கொண்டாள். பொறாமைப்பட்டுக்கொண்டே கட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

15 ஜனவரி, செவ்வாய்

ஹால்வர்சன் சாரிடம் கேட்டேவிட்டேன். அறைக்குள் போகுமுன் கதவுக்கு வெளியே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"சார், ஒரே ஒரு மேட்ச். கடைசிக் கால்மணி நேரம் போதும். என்னை ஃபார்வர்டா போடுங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். "நீ அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் யாரும்மா நிப்பா?" என்றார்.

"நாம முப்பது பாயிண்ட் முன்னால இருக்கறப்போ போடுங்க, சார்."

"முப்பது பாயிண்ட் முன்னால இருக்கறதே நீ இந்தப் பக்கம் நிக்கறதாலதான்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி எதற்கு? வாய் பழகிவிட்டது.

6 பிப்ரவரி, புதன்

பள்ளி ஜிம். நிஜமான பத்தடி. டென்னிஸ் பந்து. போயிற்று.

26 பிப்ரவரி, செவ்வாய்

தோற்றோம். ஒரு புள்ளி. டெமாயினில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு இந்த வருஷம் எங்கள் ஊர் இல்லை.

ஐந்து வினாடி இருந்தது. அவர்களுடைய ஃபார்வர்டின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தேன். கோடுவரை வந்துவிட்டேன். அவர்களுடைய கார்டு மூன்று பேரும் நடுக்கோட்டுப் பக்கமாகவே ஏறி வந்திருந்தார்கள். இரண்டு பேர் லூவானை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. கூடையடியில் ஈ காக்கை இல்லை. ஓடினால் எட்டு எட்டு. எட்டே எட்டு. நான் போகலாம். என்னை யாரும் பிடித்திருக்க முடியாது. எனக்குத் தெரியும், சத்தியமாத் தெரியும்.

ஷூ நுனி கோட்டில் படாமல் நின்றேன். லூவானுக்கு எறிந்தேன். ஒருத்தி தட்டிவிட்டாள். மணி அடித்துவிட்டது.

உடைமாற்றும் அறையில் லூவான் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நீயே ஓடியிருக்கலாம்ல" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் அழுகையோடு சிரித்தோம். மற்றவர்கள் எங்களுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அவ்வளவுதான். பள்ளி ஆட்டம் முடிந்தது. ஆறு வருஷம்.

1 மார்ச், வெள்ளி

பால் கறந்தேன். வேறொன்றும் இல்லை.

13 ஏப்ரல், சனி

எப்படி எழுதுவது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மினசோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று டேல் கேள்விப்பட்டு, என்னையும் லூவானையும் வண்டியில் கூட்டிப்போனான். ஐந்து பேர் ஆட்டம். எல்லோரும் எல்லாப் பக்கமும் ஓடலாம். பயிற்சியாளர் மிஸ் டேலி, குட்டையான பெண்மணி, கழுத்தில் விசில், அதிகம் பேசமாட்டார். நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள்.

தடுப்பில் என்னைத் தாண்டி ஒருத்தியும் போகவில்லை. பலகையில் பட்டுத் திரும்பியதெல்லாம் என் கைக்குத்தான் வந்தது. நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு பந்தைப் பறிச்சேன். எதிர்ல யாருமே இல்ல. முழு மைதானமும் காலி, அந்தக் கடைசில கூடை. ஆறு வருஷமா நான் கேட்டது அதுதானே. ஓடினேன். ஓடி—

நின்னுட்டேன்.

கோட்டுல. நடுக்கோட்டுல போய் டக்குனு நின்னுட்டேன். முட்டி மடங்கி, பந்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, யாருக்கு எறியறதுன்னு தேடறேன். பின்னால துரத்தி வந்தவ என் முதுகுல மோதி விழுந்தா. ஜிம்மே சிரிச்சுது. மினசோட்டாப் பெண்களுக்கு ஒன்னும் புரியல. "அங்க என்ன இருக்கு?"ன்னு ஒருத்தி கேட்டா. நான் என்னத்தச் சொல்றது. கோடுன்னா?

யாரும் விசில் ஊதல. யாரும் தடுக்கல. என் காலு. என் சொந்தக் காலு.

டேல் வண்டியை நேராக வீட்டுக்கு விட்டான். எல்லை தாண்டி அயோவாவுக்குள் வந்த பிறகு லூவான், "நானும்தான்டி" என்றாள். அவள் பதினோரு கூடை போட்டாள். ஆனால் எதிரணி பந்தோடு வந்தபோதெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். யாரையும் தடுத்துப் பழக்கமே இல்லையே அவளுக்கு. இரண்டு பேரையும் ஒட்டிவைத்தால் ஒரு முழு ஆட்டக்காரி தேறுவாள்.

29 ஏப்ரல், திங்கள்

மிஸ் டேலி தொலைபேசியில் அழைத்தார். என்னை எடுத்துக்கொள்கிறார்களாம்.

நடுக்கோட்டில் நின்றதைப் பற்றி நானாகவே மன்னிப்புக் கேட்டேன். "நாப்பது பேர்ல எகிறத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நின்ன காலை ஓட வைக்கறது என் வேலை. நீ வந்து சேரு" என்றார்.

லூவானைப் பற்றிக் கேட்டேன். "நல்லா எறியறா" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சந்தோஷம். நான் மாட்டுத் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நாளை லூவானிடம் எந்த வாயால் சொல்வது?

3 மே, வெள்ளி

லூவான் மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று பள்ளி விட்டதும் என் அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். "ஹால்வர்சன் சார்கிட்ட ஜிம் சாவி வாங்கிட்டேன். கோடை முழுசுக்கும். வாடி" என்றாள்.

"எதுக்கு?"

"நான் அந்தப் பக்கத்துலேருந்து ஓடி வரேன், என்னைத் தடுக்காத. நீ இந்தப் பக்கத்துலேருந்து ஓடு, நிக்காத. நின்னா முதுகுலயே உதைப்பேன்."

உதைத்தாள். நாலு தடவை.

11 ஜூன், செவ்வாய்

முப்பது அங்குலம். சோளத்துக்குக் களை எடுத்துவிட்டு வந்து எகிறுகிறேன். மிஸ் டேலி அனுப்பிய சின்னப் பந்து கையில் ஓரளவு நிற்கிறது. மேலே ஏறும்போது இடக்கையால் ஏந்தி, கடைசியில் வலக்கைக்கு விட வேண்டும். விட்ட நொடியில் நழுவுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கு எட்டியது வளையத்துக்கு எட்டவில்லை.

19 ஜூலை, வெள்ளி

ஒன்று. ஒரே ஒன்று. லூவான் பார்த்தாள்.

20 ஜூலை, சனி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. நாற்பத்தோராவது முயற்சி. வளையத்துக்கு மேலே கை போனது எனக்கே தெரிந்தது. அங்கிருந்து கீழே பார்த்தால் வலை ஒரு கிணறாக இருந்தது. உள்ளே அமுக்கினேன். இறங்கிய பிறகு இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

லூவான் பந்தை எடுத்து வந்து கொடுத்தாள். "இத மேட்ச்ல அடி" என்றாள். "யாரு பாத்தாலும் பாக்காட்டியும் நான் பாக்கணும்."

அவள் செப்டம்பரிலிருந்து முடிதிருத்தும் பயிற்சிக்குப் போகிறாள். அறுபத்தொரு புள்ளி போட்ட கை. கேட்டால், "கத்தரிக்கும் குறிபாக்கணும்டி" என்கிறாள். நான் சிரித்தேன். உள்ளே சிரிப்பு வரவில்லை.

24 ஆகஸ்ட், சனி

பெட்டி கட்டியாயிற்று. அப்பா இரண்டு தடவை வண்டிக்கு எண்ணெய் பார்த்தார்.

8 அக்டோபர், செவ்வாய்

பயிற்சி. பறித்தால் ஓடுகிறேன், பத்தில் ஒன்பது தடவை. பத்தாவது தடவை கால் தடுமாறுகிறது. மிஸ் டேலி மறுபடி ஓடு என்று கையை மட்டும் காட்டுகிறார். தனியாக டங்க் முயன்றால் பத்தில் மூன்று விழுகிறது. அணியில் ஒருத்திக்கும் இது முடியாது. அதனால் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பார்த்தால் இரண்டாகக் குறைகிறது.

ஆட்டத்தில் முயலலாமா என்று கேட்டேன். "வெறுமனே வெச்சாலும் ரெண்டு பாயிண்ட், திணிச்சாலும் ரெண்டு பாயிண்ட்" என்றார். கூடாது என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

ஊரில் இப்போது ஆறு பேர் ஆட்டத்துக்குப் பயிற்சி ஆரம்பித்திருப்பார்கள். என் இடத்தில் யார் நிற்கிறாளோ. அவளுக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

நேற்று எங்கள் ஜிம்மில் முதல் ஆட்டம். டேலும் லூவானும் பனியில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். லூவான் தலைமுடியைச் சிவப்பாக்கியிருக்கிறாள். பயிற்சிப் பள்ளியில் அவள் தலையில்தான் எல்லோரும் கை பழகுகிறார்களாம்.

இரண்டாம் பாதி, ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். அவர்கள் எறிந்த பந்து நேராக என் கைக்கு வந்தது. எதிரில் யாரும் இல்லை. ஓடினேன். கோட்டைத் தாண்டினதே எனக்குத் தெரியாது. அப்புறம் டேல் சொல்லித்தான் தெரியும். லூவான் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "போடி போடி போடி" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. இடக்காலை ஊன்றி எகிறினேன். நல்ல எகிறல். கை வளையத்துக்கு மேலே போயிற்று. இடக்கையிலிருந்து வலக்கைக்கு விட்டேன். அமுக்கினேன்.

வளையத்தின் பின்விளிம்பில் இடித்தது. பந்து என் தலைக்கு மேலே பறந்து மைதானத்தின் நடுவில் போய் விழுந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டு போய்க் கூடை போட்டார்கள். கூட்டம் முழுக்க ஒரே ஓலம். மிஸ் டேலி உடனே என்னை வெளியே எடுத்துவிட்டார். பக்கத்தில் உட்காரவைத்து, மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பாயிண்ட் போச்சு" என்றார். சரிதான். போயிற்று. ஆறு நிமிஷம் கழித்து மறுபடி இறக்கினார். ஆட்டத்தில் ஜெயித்தோம்.

முடிந்ததும் லூவான் வந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். வளையம் பட்ட இடம் தடித்துச் சிவந்திருந்தது. "வலிக்குதா?" என்றாள். வலிக்கிறது என்றேன். அவள் கண் கலங்கியது. எனக்கும்தான்.

இன்று காலை ஆட்டத் தாளை ஜிம் கதவில் ஒட்டியிருந்தார்கள். யார் எத்தனை எறிந்தார்கள், எத்தனை விழுந்தது என்று பெயர் பெயராகப் பட்டியல். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் படித்தேன். ட்வைட்: எறிந்தது ஒன்று, விழுந்தது சுழியம்.

ஏழு வருஷமாக ஆடுகிறேன். ஆட்டத்தில் எனக்கென்று ஒரு கூடை இருந்து, அதைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவை. அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு சாப்பிடப் போனேன்.